கேட்டெழுதும் விளையாட்டு: ‘எய்கோஸுகே’ கையடக்கக் கருவிவழி ஆங்கிலக் கற்றல் - ஒரு திறனாய்வு

முன்னுரை

மொழி கற்பிக்கும் மின்விளையாட்டுகளை மதிப்பிடுவோர் அவை கற்பவரை ஈர்க்கின்றனவா என்ற வினாவோடு நின்றுவிடுவதுண்டு. கற்பவர் செய்யும் எந்தச் செயலை விளையாட்டு ‘சரி’ என்று ஏற்கிறது என்பது அதனினும் அடிப்படையான வினா. ஜப்பானில் 2006 ஜனவரி 26 அன்று நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக வெளிவந்த ‘எய்கோஸுகே’ என்னும் விளையாட்டை இவ்வினாவின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பின்புலமும்

கணினிக்கென ப்ளேட்டோ நிறுவனம் உருவாக்கியிருந்த பயிற்சி மென்பொருளின் கையடக்க வடிவமே இது. ‘எய்கோ’ என்பது ஆங்கிலத்தையும், ‘ஸுகே’ என்பது ஊறவைத்தலையும் குறிக்கும். காய்கறி உப்பில் ஊறுவதுபோல் கற்பவர் ஆங்கிலத்தில் ஊற வேண்டும் என்பது பெயர் தரும் உறுதிமொழி. ‘ஆங்கிலத்தில் தடுமாறும் பெரியவர்களுக்கான பயிற்சி’ என்பது முழுத் தலைப்பின் பொருள். எனவே இதன் இலக்குப் பயனர் பள்ளி மாணவர் அல்லர். பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் அதைச் செவியால் பின்தொடர இயலாத பெரியவர்.

இத்தடுமாற்றத்திற்குக் கல்விமுறையும் ஒரு காரணம். ஆங்கிலத் தொடரைச் சொல்சொல்லாகப் பிரித்து ஜப்பானிய மொழிக்குப் பெயர்க்கும் முறை அந்நாட்டு வகுப்பறைகளில் நெடுங்காலம் கோலோச்சியது. பல்கலைக்கழக நுழைவுக்கான தேசிய மையத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதி சேர்க்கப்பட்டதே 2006 ஜனவரியில்தான். அத்தேர்வில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி ஒலிக்கருவி வழங்கப்பட்டது. செவித்திறனுக்குத் தேர்வு மதிப்புக் கிடைத்த அதே மாதத்தில், அவ்வாய்ப்பின்றிப் படித்து முடித்த தலைமுறையை நோக்கி இவ்விளையாட்டு வந்தது. பிழை செய்வதைப் பிறர் காணாத தனிமையைக் கையடக்கக் கருவி தந்தது. வகுப்பறைக்கு மீள முடியாத பெரியவருக்கு இது சிறு பேறன்று.

கேட்டெழுதலின் வலிமை

ஒலிக்கும் ஆங்கிலத் தொடரைக் கேட்டு, தொடுதிரையில் எழுத்தாணியால் எழுதுவதே இவ்விளையாட்டின் மையச் செயல். எளிமையாகத் தோன்றினும் இது ஜப்பானியக் கற்பவரின் இடர்ப்பாட்டைச் சரியாகவே குறிவைக்கிறது. ஜப்பானிய மொழியில் லகர ரகர வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தின் ‘லைட்’, ‘ரைட்’ இரண்டும் அங்கே ஒரே வடிவில் கடன்சொற்களாகியுள்ளன. மூக்கொலி நீங்கலாக, அம்மொழிச் சொற்கள் மெய்யொலியில் முடிவதில்லை. ஆதலால் ‘மில்க்’ என்பது ‘மிருகு’ என உயிரேற்று நிற்கிறது. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை வரையறுக்கும் இலக்கண மரபையும், ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ ஆகும் பேச்சு வழக்கையும் அறிந்த தமிழ் ஆய்வாளருக்கு இவ்வியல்பு புதிதன்று.

சொற்கள் கூடும்போது தோன்றும் ஒலி மாற்றம் மற்றோர் இடர்ப்பாடு. வாழையும் பழமும் புணர்ந்து தோன்றும் ஒற்றைத் தமிழ் எழுத்திலேயே காட்டிவிடுகிறது. ஆங்கில எழுத்து அவ்வாறு காட்டுவதில்லை. ‘நாட் அட் ஆல்’ என மூன்று சொற்களாக எழுதப்படுவது செவியில் ஒரே சொல்லாக விழுகிறது. கேட்டெழுதும்போது கற்பவர் இவ்வொலித்தொடரைத் தாமே பிரித்தாக வேண்டும். எங்கே செவி தவறியது என்பதை எழுதப்படாத இடம் உடனே காட்டிவிடும். கற்பவர் கவனித்துணர்வதே மொழிக்கூறாக உள்வாங்கப்படும் என ரிச்சர்ட் ஷ்மிட் 1990-இல் முன்வைத்த கருத்தோடு இது பொருந்துகிறது.

ஒற்றை விடையின் எல்லை

ஆனால், ஒலித்த தொடரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துவதே இங்குச் ‘சரி’. பொருளை முழுதும் உணர்ந்து எழுத்துக்கூட்டலில் பிழைத்தவர் தோற்கிறார். பொருள் அறியாது ஒலியையும் எழுத்தையும் பொருத்தத் தெரிந்தவர் வெல்கிறார். ஒரு கருத்தைப் பல தொடர்களால் சொல்லலாம் என்பது மொழியின் அடிப்படை இயல்பு. அவ்வியல்புக்கு இவ்வளவையில் இடமில்லை.

கற்பவரின் கை இடையறாது எழுதுவதால் அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்ற தோற்றம் எழுகிறது. உண்மையில் அவர் எழுதுவது பிறர் தொடரை. தாம் சொல்ல விரும்புவதைச் சொல்ல முயன்று, தம் மொழியின் போதாமையை உணர்ந்து திருத்திக்கொள்ளும் ஆக்கத்தையே மெரில் ஸ்வெய்ன் 1985-இல் கற்றலின் இன்றியமையாக் கூறாக வலியுறுத்தினார். கேட்டெழுதுதல் அவ்வகை ஆக்கம் ஆகாது.

மதிப்பெண்ணுக்கும் இதே எல்லை உண்டு. ஒரே தொடரை மீண்டும் மீண்டும் எழுதுபவரின் மதிப்பெண் உயரும்போது வளர்ந்தது செவியா, நினைவா என்பதை எண் காட்டாது. முன்பு கேட்டிராத தொடரைப் புதிய குரலில் கேட்டு உணர்கிறாரா என்பதே அதனைக் காட்டும்.

முடிவுரை

எய்கோஸுகே தன் எல்லைக்குள் நேர்மையான கருவி. செவிக்கும் எழுத்துக்கும் இடையே அறுபட்ட இணைப்பைப் புதுப்பிக்க அது உதவக்கூடும். அதன் குறை கேட்டெழுதும் முறையில் இல்லை. கேட்டெழுதலை ‘மொழியில் ஊறுதல்’ என்று பெயரிட்டதில் உள்ளது. ஊறுதலுக்கு உப்பு மட்டும் போதாது, காயும் வேண்டும். மொழிக்கற்றலில் அக்காய் கற்பவர் தாமே சொல்ல விழையும் பொருள். மின்விளையாட்டைக் கற்பித்தல் துணையாக ஏற்கும் நிறுவனங்கள் அது எதைச் சரியெனக் கொள்கிறது என்பதை முதலில் ஆராய வேண்டும். கருவி அளக்காத திறனை ஆசிரியர் அளக்க வேண்டியிருக்கும். அப்பொறுப்பையும் கருவியிடமே ஒப்படைத்தால், பிறர் தொடரைப் பிழையின்றி எழுதவும் தம் தொடர் ஒன்றைத் தொடங்கவியலாமல் தயங்கவும் பழகிய கற்பவரே எஞ்சுவார்.