300 அடி என்று சொன்ன தாள்

2002 ஜூலை 24 இரவு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள குவெக்ரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் கரி வெட்டிய எந்திரம், பக்கத்திலிருந்த பாழ்சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டது. பல வருடத் தண்ணீர் பாய்ந்து வந்தது. கையிலிருந்த வரைபடத்தின்படி அந்தப் பழைய சுரங்கம் ஏறக்குறைய 300 அடி தள்ளி இருந்தது. சிக்கிய 9 பேரும் மூன்று நாளுக்குப் பின் கூண்டில் ஏறி உயிரோடு வந்தார்கள். பாழ்சுரங்கத்தின் கடைசி வரைபடம் விண்ட்பர் ஊர் அருங்காட்சியகத்தில் பிறகு கிடைத்தது.

கையிலிருந்த தாள் அந்தக் கடைசி வரைபடம் அல்ல; அளந்தவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. சுரங்க அளவை கறாரான கலை. தண்டவாளம் கிடக்கும் இடத்தில் காம்பஸ் முள்ளை நம்ப முடியாது. ஆகவே செங்குத்துக் குழியில் இரண்டு கம்பிகளில் குண்டு கட்டித் தொங்கவிட்டுத் திசையைக் கீழே இறக்குவார்கள். கம்பிகளுக்கு இடைவெளி 3 மீட்டர்தான் என்றால், ஒரு மில்லிமீட்டர் பிசகு ஒரு கிலோமீட்டர் தள்ளி 33 சென்டிமீட்டராக வளர்ந்து நிற்கும். இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த மாணவனுக்குச் சந்தேகம் தானாக வந்துவிடும்.

சுரங்கத்தைப் போலவே நிலத்தடியில் நடக்கும் குகை அளவையைக் கற்பவருக்கு, அப்படிச் சந்தேகப்படும் வாய்ப்பு குறைந்து வருகிறது. டிஸ்டோஎக்ஸ் என்ற லேசர் கருவி தூரம், திசை, சாய்வு மூன்றையும் ஒரே பொத்தானில் தருகிறது. சேற்றில் டேப் இழுத்தவர்களுக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சரிபார்க்க 56 முறை அளக்க வேண்டும். அந்தச் சலிப்பான வேலையில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. தலைவிளக்கின் பேட்டரி பக்கத்தில் இருந்தாலே திசை கெடும் என்பதும் மறந்துபோகிறது.

இன்னொரு குறை பெரியது. அளவை சுற்றி வந்து தொடங்கிய புள்ளியையே தொடும்போது இடைவெளி விழுந்தால், மென்பொருள் அதை வழியெங்கும் பங்கிட்டுவிடும். சிறு பிசகுகளுக்கு அது சரி. ஆனால் யாரோ ஒருவர் 12-ஐ 21 என்று எழுதியிருந்தால், நல்ல அளவுகளும் சேர்ந்து கோணிக்கொள்ளும். பிழை எவ்வளவு என்று மென்பொருள் சொல்லத்தான் செய்கிறது. அழகான கோட்டுப்படம் திரையில் வந்தபின் அந்தப் பிழையை யார் பார்க்கிறார்கள்?

தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று இந்தியாவின் 1957 நிலக்கரிச் சுரங்க விதிகள் சொல்லின. அந்த 60 மீட்டரை எந்தத் தாளிலிருந்து அளப்பது? சொல்லித்தருபவர்களே, முதல் நாளே கருவியைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய வரைபடம் ஒன்றை விரித்துவைத்து, இதில் எந்தக் கோட்டை நம்பமாட்டாய் என்று கேளுங்கள்.