செருப்புக்குக் காலா?

காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா என்று கேட்டால் சிறுவனும் விடை சொல்லிவிடுவான். ஆயினும் கருவி செய்வோரும், அதனை வகுப்பறைக்குக் கொண்டு வரும் ஆசிரியராகிய நாமும் இவ்வினாவை அடிக்கடி மறந்துவிடுகிறோம். தமிழ்த் தட்டெழுத்துக் கருவிகளை இந்நோக்கில் ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பணிபுரிந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்கியது அருஞ்செயலே. எனினும் அப்பொறி எழுத்தின் வடிவைப் பின்பற்றியது, ஒலியை அன்று. 'கொ' என அடிக்கக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டுகள் வேண்டும். உலோக அச்சுக்கு வேறு வழியில்லை. மனிதன் பொறிக்கு இணங்கினான். அதில் குறை கூற இடமில்லை.

கணினிக்கு அக்கட்டாயம் இல்லை. ஜான் கூல்டு, கிளேட்டன் லூயிஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1985இல் மூன்று நெறிகளை வற்புறுத்தினர். பயன்படுத்துவோரைத் தொடக்கத்திலேயே அறிதல். அவர்கள் கருவியைக் கையாள்வதை நேரில் கண்டு அளத்தல். கண்ட குறையைத் திருத்தி மீண்டும் சோதித்தல். பாடநூல் எழுதுவோர்க்கும் இவை பொருந்தும்.

1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகை இலக்கண வழி நடப்பது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'அ'வுக்கு மேல் 'ஆ', 'இ'க்கு மேல் 'ஈ'. ககரமும் ஒகரமும் சேர்ந்தால் 'கொ'. நாம் கரும்பலகையில் கற்பிக்கும் உயிர்மெய்ப் புணர்ச்சியே அது.

நம் நாட்டவரான முத்து நெடுமாறன் வழங்கிய 'முரசு அஞ்சல்' முறை, உரோமன் எழுத்து விசைகளில் பழகிய விரல்களுக்கு உற்ற துணை. பெரியோர் பலர் அதனாலேயே கணினியில் தமிழ் எழுதத் துணிந்தனர். ஆனால் லகர ளகர வேறுபாடு அங்கே சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்னும் வேறுபாடாகிவிடுகிறது. ஒலியையே இன்னும் பிரித்தறியாத மாணவனுக்கு இது நல்லதன்று. எழுத்துக்கொரு விசையுள்ள தமிழ் 99 முறையே ஏற்றது என்பது எம் துணிபு.

ஆயினும் இத்துணிபையும் சோதித்தல் வேண்டும் எனக் கருதி, செபராங் பிறையிலுள்ள எம் தோட்டப் பள்ளியில் மாணவர் ஐவரை ஒருவர்பின் ஒருவராகக் கணினிமுன் அமர்த்தினேன். வாய் திறவாது பார்த்திருப்பது என்பது ஏற்பாடு. முப்பது ஆண்டுகள் பேசியே பழகிய நாவுக்கு அது கடுந்தவம்! 'அம்மா' எளிதில் வந்தது. முதல் மகரத்திற்குப் புள்ளி தானே விழக் கண்டு ஒரு சிறுமி சிரித்தாள். 'பாடட்டும்' என்ற சொல்லில் ஐவரும் இடறினர். இரு டகரங்கள் அடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். அதனைத் தடுக்க இடையே அகரம் அடிக்க வேண்டும். இவ்விதியை யான் அறிவேன். அறிந்ததனால்தான் அதன் கடுமை இதுவரை என் கண்ணில் படவில்லை.

ஒரு சிறுவன் மும்முறை அழித்தெழுதிய பின், "ஐயா, எனக்குத் தமிழ் வராது" என்றான். அச்சொல் என்னைச் சுட்டது. பிழை கருவியின் விதியில் இருந்தது. பழியைச் சுமந்தவன் குழந்தை. அவன் கைவிட்டது விசைப்பலகையை அன்று, தமிழையே.

கருவி செய்வோர் அறிஞர் அவையில் ஒப்புதல் பெற்றால் போதாது. பத்து வயதுப் பிள்ளையின் பக்கத்தில் பேசாது அமர்ந்து பார்க்கவும் வேண்டும். அதற்கு நம் பள்ளிகளின் கதவு திறந்திருக்கிறது. ஆசிரியராகிய நாமும் மாணவன் இடறும்போது, இடறியது காலா, செருப்பா என்று முதலில் கேட்போமாக.