டெசராக்ட் 5 போட்டாச்சு, தமிழ் சரியா வருதா?

பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற, லினக்ஸில் பெரும்பாலோர் கைவைப்பது டெசராக்ட் என்ற திறமூல மென்பொருளில்தான். உபுண்டு 22.04-ல் ஆப்ட் வழியாகப் போட்டால் 4.1.1 கிடைக்கும். 5.0 வந்தது 2021 நவம்பர் கடைசியில், அந்த உபுண்டு வந்தது 2022 ஏப்ரலில். ஆனாலும் உள்ளே வரவில்லை. உடனே நம்ம ஆட்கள் சொல்லும் வைத்தியம்: "ஆப்டை விடுங்க, சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணுங்க." எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

பழசாக இருப்பது எல்லா இடத்திலும் குறையில்லை. இங்கே வல்லம் வடகால் சிப்காட்டில் உற்பத்தி லைனோடு இணைந்த கணினியில் நேற்று வந்த வெர்ஷனைப் போடச் சொல்லிப் பாருங்க, யாரும் ஒத்துக்க மாட்டாங்க. டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்டிஎஸ் ரெண்டும் வெர்ஷனை நிறுத்திவைத்து, பாதுகாப்புத் திருத்தங்களையும் முக்கியமான பிழைத்திருத்தங்களையும் மட்டும் தருவது இந்த மாதிரி இடங்களுக்கு வசதி.

கேட்க வேண்டியது, புதுசில் நமக்கு என்ன மாறியது என்பதுதான். 2018 அக்டோபரில் வந்த 4.0 பெரிய பாய்ச்சல். 3-ம் வரிசை எழுத்துகளைத் தனித்தனி வடிவமாக வெட்டி அடையாளம் பார்க்கும். 4-ல் வந்த எல்எஸ்டிஎம் நரம்பு வலை முழு வரியாக வாசிக்கும். முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று நிற்கும் 'கொ' போன்ற எழுத்துக்கு இது சின்ன வித்தியாசமா? டெபியன் 9-ல் இருந்தது 3.04. அதோடு மாரடித்தவங்க புதுசைத் தேடி ஓடியது நியாயம். 4.1.1-லிருந்து 5-க்குப் போவது அப்படியில்லை. கோடைச் சுத்தம் செய்தது, கணக்கைச் சின்ன எண்வகையில் போட்டு வேகம் கூட்டியது, பெரும்பாலும் அவ்வளவுதான். தமிழை வாசிக்கும் மாடல் கோப்பு அதேதான்.

அந்தக் கோப்பைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. தமிழுக்கு 'ஃபாஸ்ட்', 'பெஸ்ட்' என்று ரெண்டு உண்டு. ஆப்ட் தருவது ஃபாஸ்ட். பெஸ்ட் மெதுவாக ஓடும், ஆனால் துல்லியத்துக்காகச் செய்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்களுக்கு மேற்கொண்டு பயிற்சி கொடுக்கணும்னாலும் பெஸ்ட்தான் வேணும், ஃபாஸ்ட்டில் முடியாது. கிட்ஹப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை இறக்கி உரிய ஃபோல்டரில் வைத்தால் போதும், கம்பைலருக்கு வேலையே இல்லை.

கம்பைல் செய்தால் என்ன ஆகும்? புது நிரல் வேறொரு ஃபோல்டரில் போய் உட்காரும். ஆப்ட் வைத்த தமிழ்க் கோப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. டேட்டா ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று முரண்டு பிடிக்கும். நாளைக்கு ஒரு ஓட்டை வந்தால் ஆப்ட் அடைக்காது, நீங்கதான் மறுபடி கம்பைல் பண்ணணும். யோசனை சொன்னவர் அப்போ பக்கத்தில் இருக்க மாட்டார்.

5 வேணும்னே அடம்பிடித்தால் டிஸ்ட்ரோபாக்ஸில் ஒரு டெபியன் 12 எழுப்பிக்கோங்க. அதில் 5.3.0 ஆப்டிலேயே இருக்கு, உங்க ஹோம் ஃபோல்டரும் உள்ளே அப்படியே தெரியும். அதற்கு முன்னாடி உங்க ஸ்கேனில் மோசமான ஒரு பக்கத்தை எடுத்து, ஃபாஸ்ட், பெஸ்ட் ரெண்டிலும் 4.1.1-லேயே ஓட்டி, தப்பான எழுத்துகளை எண்ணிப் பாருங்க.