இருமுகப் பிலிமும் ஓர் அன்னையின் கையும்

ஒரே நெகட்டிவிலிருந்து எடுக்கப்பெற்ற இரண்டு படங்கள் நம் மேசைமேல் இருக்கின்றன. சாளரத்தருகே அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒருவரின் உருவம் அது. சிறிய படத்தில் அவரது வலக்கை மடிமேல் கிடக்கிறது. பெரிய படத்தில் அக்கை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் கரிய கறை ஒன்று பரவியுள்ளது. படமெடுத்தவர் நமக்கு நெடுநாள் பழக்கமான ஒளிப்பட அன்பர். படத்தில் இருப்பவர் அவருடைய தாயார். அவர் இன்று உயிரோடில்லை.

அன்பர் கையாண்டது மருத்துவமனைகளில் வழங்கும் எக்ஸ்ரே பிலிம். பெரிய கேமராவுக்குரிய ஒளிப்படப் பிலிமின் விலை எளியோர்க்கு எட்டாது. எக்ஸ்ரே பிலிமோ அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது. செவ்விளக்கின் அடியில் கண்ணால் பார்த்தபடியே அதைக் கழுவவும் முடியும். ஆனால் அது கேமராவுக்காகப் பிறந்த பொருளன்று. 1895 டிசம்பரில் ரான்ட்ஜன் தம் மனைவியின் கையைப் பதிவு செய்தது ஒருபுறம் மட்டும் பூச்சுடைய கண்ணாடித் தட்டில். ஊடுகதிரோ மெல்லிய பூச்சில் சிறிதே தங்கிப் பெரும்பாலும் கடந்து போய்விடும் இயல்பினது. ஆகவே 1918இல் கோடாக் நிறுவனம் பிலிமின் இருபுறமும் ஒளியுணர் பூச்சுத் தடவி விற்கலாயிற்று. பக்கத்திற்கு ஒன்றாக இரு ஒளிர்திரைகளுக்கு நடுவே வைக்கும்போது, நோயாளியின்மேல் பாயும் கதிரைக் குறைத்தும் தெளிவான படம் பெறலாம். நோயாளிக்கு நன்மையான இந்த ஏற்பாடே கலைஞனுக்குத் தொல்லையாகிறது. வில்லையின் வழி வரும் ஒளி முன்பூச்சில் ஓர் உருவை எழுதி, ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர் கனமுள்ள அடித்தகட்டைக் கடந்து, பின்பூச்சில் சற்றே கலங்கிய மற்றோர் உருவையும் எழுதிவிடுகிறது.

அந்தப் பின்னுருவை அழிப்பதற்கு ஒரு வழி உண்டு. கழுவி உலர்த்திய நெகட்டிவை முன்முகம் கீழாகக் கண்ணாடிமேல் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் இறுக ஒட்டி, மேற்புறத்தில் துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலைத் தடவவேண்டும். ஜெலட்டின் கரைந்து வெள்ளியோடு வழிந்துவிடும். ஹைப்போவின் அமிலம் கலந்தால் நச்சு வாயு எழுமாதலால் முன்னரே நன்றாக அலசியிருப்பது இன்றியமையாதது. நாடாவின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும். கரைசல் உள்ளே நுழைந்து முன்முகத்தையும் உண்டுவிடும். அன்பருக்கு நேர்ந்தது அதுவே. "ஒரு நொடிதான், சாமி, கை போய்விட்டது" என்றார்.

அவர் பெற்றது யாது? முதலில் நெகட்டிவின் அடர்த்தி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதை எதிர்பார்த்து, படமெடுக்கும்போதே கூடுதல் ஒளி தந்து அழுத்தமாகக் கழுவியிருந்தால் ஈடுசெய்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. ஆகவே பெரிய படத்தில் சாம்பல் நிறங்கள் சோர்ந்து கிடக்கின்றன. கண்ணிமை, சேலையின் நூலிழை, சாளரக் கம்பியின் துரு ஆகியன கூர்மை பெற்றுள்ளன. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் மூதாட்டியின் நரைமுடியைச் சூழ்ந்த ஒளிக்கசிவு அப்படியே நிற்கிறது! (தூயவர் படங்களைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது உறுத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.) அன்பர் இக்கசிவைப் போக்கவே இவ்வளவும் செய்தார். அது பின்பூச்சின் பிழை மட்டுமன்று. அடித்தகட்டின் பின்புறத்தில் பட்டு மீளும் ஒளி முன்பூச்சிலும் பதிந்துவிடுகிறது; சாதாரணப் பிலிமில் அதைத் தடுக்கும் சாயப்பூச்சு இங்கில்லை. படம் எடுத்த அந்நொடியிலேயே முன்முகத்தில் எழுதப்பட்டதைப் பின்முகத்தைக் கழுவி எவ்வாறு நீக்கமுடியும்?

சிறிய படத்தை மறுபடி பார்ப்போம். 8க்கு 10 அங்குல நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து, உருப்பெருக்காமல் எடுத்த அச்சு அது. இவ்வளவில் பின்னுருவின் கலக்கம் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. நாம் உருப்பெருக்கியை வைத்துத் தேடியே கண்டோம். சிவப்பை உணராத பிலிமாதலின் முகம் இயல்பினும் கறுத்து, சுருக்கங்கள் உழுத நிலம்போல் ஆழ்ந்துள்ளன. வெளிச்சமோ கன்னத்தின் ஓரத்தில் மெல்லக் கரைகிறது. இரு பூச்சுகளும் சேர்ந்து தந்த செழுமை அந்தக் கருமையில் தெரிகிறது.

கூர்மை பற்றிய இவ்வழக்குப் பழையது. 1932இல் ஆன்சல் ஆடம்சும் எட்வர்ட் வெஸ்டனும் வேறு சிலரும் எஃப் 64 என்னும் குழுவாகக் கூடித் துல்லியத்தைக் கொடியாக உயர்த்தினர். வில்லியம் மார்டென்சன் போன்றோர் எதிர்நின்றனர். அவர்களுள் யார் பக்கம் நிற்பது என்பது நம் கேள்வியன்று. சுவரளவு பெருக்க விரும்புவோர் பின்பூச்சைக் களையட்டும். அப்போதும் அதே காட்சியை இரு பிலிம்களில் எடுத்து, ஒன்றைத் தொடாமல் வைக்கட்டும். உருப்பெருக்காமல் அச்சிடுவோர்க்கு இவ்வேலை வீண். எட்டங்குலப் படமாக நிற்கவேண்டிய ஒரு முகத்தை ஆளுயரத்திற்கு இழுத்ததே அன்பரின் முதற்பிழை என்பது நம் கருத்து. நாடா பிந்திய பிழை.

கண்காட்சிக்கு எதை அனுப்புவது என்று அவர் கேட்டிருக்கிறார். சிறியதற்குச் சட்டமிடுமாறு எழுதியிருக்கிறோம். பெரியதைக் கிழித்துவிட வேண்டா என்றும் சேர்த்தே எழுதினோம். சேலையின் அந்த நூலிழை வேறெங்கும் இல்லை.