தேர்வுக்கு வராத பக்கம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறைப்படி முதலாண்டில் படிக்க வேண்டியிருந்த ‘இன்ஜினியரிங் கிராபிக்ஸ்’ பாடத்திட்டத்தில், ஐந்து அலகுகள் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சிறிய பத்தி இருந்தது. வரைகருவிகளைக் கையாள்வது, இந்தியத் தர நிறுவனத்தின் மரபுகள், தாளின் அளவும் மடிப்பும், எழுத்துப் பொறிப்பு, அளவு குறிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் இருந்தது: இது தேர்வுக்கு உரியதல்ல. அந்தப் பாடத்தின் மீது எனக்குள்ள வழக்கு முழுவதும் இந்த ஒரு குறிப்பைப் பற்றியதுதான்.

தேர்வுக்கு உரியவற்றில் முக்கியமானவை என்னென்ன? நீள்வட்டம், பரவளையம் போன்ற வளைவரைகள்; புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றின் படவீழ்ப்பு; திண்மங்களின் படவீழ்ப்பு; வெட்டிய திண்மமும் அதன் விரிப்பும்; கடைசியாக ஐசோமெட்ரிக், பெர்ஸ்பெக்டிவ் தோற்றங்கள். மினி டிராஃப்டர் என்ற வரைகருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் போகிற பையனும் பெண்ணும் அந்த ஆண்டில் பெரும்பாலும் செய்வது, ஓர் அறுகோணத் தகட்டைக் கிடைத்தளத்துக்கு இத்தனை பாகை, செங்குத்துத் தளத்துக்கு இத்தனை பாகை சாய்த்து வரைவதுதான்.

இந்தப் படவீழ்ப்புக்கு ஒரு கௌரவமான பூர்வீகம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெசியேர் ராணுவப் பள்ளியில் இருந்த காஸ்பார் மோன்ஷ், கோட்டை அமைப்பில் நீண்ட கணக்குகள் போட்டுக் கண்டுபிடித்து வந்ததை வெறும் கோடுகளாலேயே கண்டுபிடித்துக் காட்டினார். அந்த முறையை ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள்; 1795இல்தான் அவரால் அதைப் பொதுவில் கற்பிக்க முடிந்தது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளங்களில் ஒரு பொருளின் நிழலைப் பிடித்து, இரண்டையும் விரித்து ஒரே தாளில் வைப்பது எளிமையான யோசனை. அது இல்லாமல் பொறியியலே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆகவே படவீழ்ப்பையே தூக்கி எறியச் சொல்பவன் அல்ல நான். முன் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் பார்த்து மனத்துக்குள் பொருளைச் சுழற்றிப் பார்க்கத் தெரியாதவருக்குக் கேட் எனும் கணினி வரைவு மென்பொருளும் உதவாது. இந்தியாவில் பழகிய முதற்கோண முறைக்கும் அமெரிக்காவின் மூன்றாம் கோண முறைக்கும் பக்கத் தோற்றம் இடம் மாறிவிடும். டைட்டில் பிளாக்கில் இருக்கும் சின்னக் கூம்புக் குறியைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால், இடக்கைப் பாகம் கேட்டவருக்கு வலக்கைப் பாகம் போய்ச் சேரும்.

ஆனால் இரண்டு தளங்களுக்கும் சாய்ந்த அறுகோணத் தகடு வேறு கதை. அதை மூன்று படிகளில் வரையும் செய்முறையைத்தான் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். கணினியில் அது இரண்டு சுழற்றல் கட்டளைகள். கற்பனைத் திறன் வளர்கிறது என்று ஆசிரியர்கள் சொல்வதை முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் அதே நேரத்தில் கையால் பத்துப் பொருள்களைச் சும்மா கிறுக்கிப் பழகினால் அந்தத் திறன் இன்னும் கூடுதலாக வளரும் என்பது என் கணிப்பு.

அளவு குறிப்பதற்கு வருவோம். ஒரு தகட்டில் வரிசையாக ஐந்து துளைகள், இருபது மி.மீ. இடைவெளி, ஒவ்வோர் அளவுக்கும் கூட்டியோ குறைத்தோ 0.1 மி.மீ. அனுமதி (டாலரன்ஸ்). ஒருவர் விளிம்பிலிருந்து முதல் துளைக்கு, முதலிலிருந்து இரண்டாவதற்கு எனச் சங்கிலியாக அளவு போடுகிறார். இன்னொருவர் ஐந்தையும் ஒரே விளிம்பிலிருந்து போடுகிறார். திரையில் எழும் கணினி மாதிரி ஒன்றுதான். ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஆனால் முதல் வரைபடத்தில் ஐந்தாவது துளை விளிம்பிலிருந்து 0.5 மி.மீ. வரை விலகலாம், அப்போதும் அது சரியான பாகம்தான். இரண்டாவதில் 0.1க்கு மேல் விலகினால் தள்ளுபடி. எது வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. அது வரைபவர் லேத்காரரோடும் சோதகரோடும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்தைத்தான் பாடத்திட்டம் தேர்வுக்கு வெளியே வைத்திருந்தது.

பொருத்தமும் அப்படியே. 25 மி.மீ. துளைக்கு எச்7 என்ற பொருத்தக் குறி போட்டால் 25.000இலிருந்து 25.021 வரை, அதில் ஓடும் ஷாஃப்டுக்கு ஜி6 என்றால் 24.980இலிருந்து 24.993 வரை. இடைவெளி குறைந்தது 7 மைக்ரான், மிஞ்சினால் 41. திரையில் இரண்டுமே வெறும் 25.

அளவு குறிப்பது ஒழியாது என்பதைத்தான் கேட் வந்த வரலாறும் காட்டுகிறது. 1963இல் ஐவன் சதர்லாண்ட் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டின் ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலில் ‘இந்தக் கோடு அதற்கு இணை, இது அதற்குச் செங்குத்து’ என்று விதி போட முடிந்தது. 1982இல் வந்த ஆட்டோகேட் அதை விட்டுவிட்டு, வரைபலகையை அப்படியே திரைக்கு மாற்றியது. அந்த விதிகள் அதில் சேர்ந்தது 2010 பதிப்பில்தான். பழைய தாளின் கவலைகளில் சில அதற்குள் தாமாகவே ஒழிந்தன: எல்லாமே முழு அளவில் வரைவதால் ஸ்கேல் அச்சிடும்போதுதான் நினைவுக்கு வருகிறது, எழுத்துப் பொறிப்பு எழுத்துருவின் பாடு. தாள் இல்லாமலும் மாதிரியே ஆவணமாகலாம் என்று சொன்ன அமெரிக்கத் தரம் ஒய்14.41 வந்தது 2003இல். அதிலும் அளவும் டாலரன்ஸும் மாதிரியின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தாள் போயிற்று, அவை போகவில்லை.

மறுதரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. இயந்திரவியல் மாணவருக்கு லிமிட், ஃபிட், டாலரன்ஸ் பிறகொரு பருவத்தில் வந்துவிடுகிறது. பட்டறையைப் பார்க்காத முதலாண்டுப் பிள்ளைக்கு மைக்ரான் வெறும் எண் என்பார்கள். டாலரன்ஸ் பற்றி இதை ஒப்புக்கொள்கிறேன். கட்டடப் பிரிவு மாணவருக்கு எச்7 எதற்கு? ஆனால் எந்த விளிம்பிலிருந்து அளவு போடுவது என்பது எல்லோருக்குமான கேள்வி. வாசற்படியின் நிலைக்கும் அது பொருந்தும்.

ஆகவே என் முடிவு இது. படவீழ்ப்பு இருக்கட்டும், பாதியாகக் குறையட்டும். சாய்ந்த தகடுகளையும் திண்மங்களையும் கணினி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்த முன்பத்தியிலிருந்து எழுத்துப் பொறிப்பைத் தாராளமாகத் தேர்வுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, அளவு குறிப்பதை மட்டும் ஒரு முழு அலகாக உள்ளே கொண்டுவரலாம். தேர்வும் கடினமில்லை: ஆளுக்கொரு பாகத்தைக் கையில் கொடுத்து அளவோடு வரையச் சொல்லுங்கள், பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, அடுத்த மேசைக்காரர் பாகத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் வைத்துக் கணினியில் அதை எழுப்பட்டும். அவர் எழுந்து வந்து சந்தேகம் கேட்கும் ஒவ்வொரு தடவைக்கும் வரைந்தவருக்கு ஒரு மதிப்பெண் குறைத்துவிடலாம்.