பதில் வருவதற்கு முன் நிறுத்துங்கள்

திருவிழாக் கடைகளில் வானவில் நிறத்தில் பிளாஸ்டிக் சுருள் ஒன்று தொங்குமே, படிக்கட்டில் வைத்துத் தள்ளினால் தானே இறங்கிப் போகும், அதன் பெயர் ஸ்லிங்கி. உலோகத்திலும் உண்டு. அதன் மேல் முனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். சுருள் தன் எடையிலேயே நீண்டு, தரையைத் தொடாமல், ஆட்டம் அடங்கித் தொங்குகிறது. இப்போது கையை விடப்போகிறார். எது முதலில் விழும்? மேல் முனையா, கீழ் முனையா, இரண்டும் சேர்ந்தா?

வெரிட்டாசியம் என்ற யூடியூப் சேனலில் 2011-இல் வந்த சோதனை இது. சேனலை நடத்தும் டெரெக் முல்லரும் சிட்னி பல்கலைக்கழக இயற்பியலாளர் ராட் கிராஸும் செய்து காட்டுகிறார்கள். கேள்வி முடிந்ததும் நிறுத்துங்கள். அறிவியல் வீடியோவை ரசிக்கத் தெரிந்தவருக்கும் சும்மா பார்த்துத் தள்ளுபவருக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான். நிறுத்திவிட்டு, பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் பந்தயம் கட்டுங்கள். மனசுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. விடை தெரிந்த மறுகணம், "நானும் அதைத்தானே நினைச்சேன்" என்று மனசு கூச்சமில்லாமல் கட்சி மாறிவிடும்.

சொல்லியாயிற்றா? இனி ஓட விடுங்கள். ஸ்லோ மோஷனில் மேல் முனை கீழே பாய்கிறது. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடிக்கொண்டே வருகின்றன. கீழ் முனை? அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. மேலிருந்து வரும் சுருக்கம் வந்து இடிக்கும்வரை அசைவதே இல்லை. எல்லாம் அரை நொடிக்குள் முடிந்துவிடுகிறது. வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. கீழ் வளையத்தைப் புவி இழுக்கிறது, மேலே இருக்கும் வளையங்கள் அதே அளவுக்கு மேல்நோக்கி இழுக்கின்றன. கை விட்ட செய்தி அலையாகச் சுருள் வழியே இறங்கி வந்தால்தான் கீழ் வளையத்துக்குச் சேதி தெரியும். அதுவரை அதைப் பொறுத்தமட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மொத்தச் சுருளின் நிறைமையத்தைக் கவனித்தால், அது எந்தத் தாமதமும் இல்லாமல் வழக்கமான வேகத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மேல் முனை அவ்வளவு அவசரப்படுவது அதனால்தான். இன்னொரு வீடியோவில் கீழ் முனையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டிவிட்டு மறுபடி கேட்கிறார்கள். அதன் விடையை நான் சொல்லப்போவதில்லை.

நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முல்லர் இந்தச் சேனலைத் தொடங்குமுன் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வே இயற்பியல் வீடியோக்களைப் பற்றியதுதான். மாணவர்களுக்கு முதலில் ஒரு தேர்வு, பிறகு வீடியோ, பிறகு அதே தேர்வு. மேலே எறிந்த பந்தின் மீது கையை விட்டு நீங்கிய பிறகு என்னென்ன விசை இருக்கிறது என்பது போன்ற கேள்விகள். கையின் விசை இன்னும் பந்தோடு போய்க்கொண்டிருப்பதாகத்தான் பலரும் நினைப்பார்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், இருப்பது புவியீர்ப்பு மட்டும். சரியானதை மட்டும் நேர்த்தியாக விளக்கிய வீடியோவைப் பார்த்தவர்கள், தெளிவாக இருந்தது, எளிதாகப் புரிந்தது என்றார்கள். மதிப்பெண் அநேகமாக அசையவே இல்லை. தங்கள் பழைய தவறான பதிலின் மேல் நம்பிக்கை மட்டும் கூடிவிட்டது! இன்னொரு வீடியோவில் ஒருவர் அந்தத் தவறான எண்ணத்துக்காகவே வாதாடுகிறார், மற்றவர் மடக்குகிறார். அதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்று முகம் சுளித்தார்கள், மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள்தான்.

ஆகவே ஒரு வீடியோ வழவழவென்று உள்ளே இறங்கினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நமக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பிலேயே பாதி கவனத்தோடு பார்த்து முடித்திருப்போம். எங்கே நெற்றி சுருங்குகிறதோ அங்கேதான் சரக்கு இருக்கிறது.

அடுத்து, கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இதைப் பழக ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது, இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்: 1960-இல் வந்த 'ஃப்ரேம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்'. அமெரிக்கப் பள்ளிகளின் இயற்பியல் பாடத்தை அடியோடு மாற்றுவதற்காக எம்ஐடியில் 1956-இல் அமைந்த குழுவுக்காக எடுக்கப்பட்டது. இயக்கியவர் ரிச்சர்ட் லீகாக், ஆவணப்பட உலகில் பெரிய பெயர். நடிப்பவர்கள் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பேட்டர்சன் ஹியூமும் டொனால்ட் ஐவியும். கோட்டும் டையுமாக, சிரிக்காத முகத்தோடு, தேர்ந்த நகைச்சுவை ஜோடி மாதிரி இருப்பார்கள். தொடக்கத்திலேயே ஒருவர் தலைகீழாகத் தெரிகிறார். யார் தலைகீழ் என்று இருவருக்கும் தகராறு.

இதில் விளக்க வேலையில் பெரும்பகுதியைச் செய்வது பேச்சல்ல, கேமரா. உருளும் வண்டியிலிருந்து ஓர் இரும்புக் குண்டு விழுகிறது. தரையில் நிற்கும் கேமராவுக்கு அது வளைந்து விழுகிறது, வண்டியோடு போகும் கேமராவுக்கு நேர்க்கீழே விழுகிறது. பிறகு சுழலும் மேசை. எதிரெதிரே உட்கார்ந்து, உராய்வே இல்லாததுபோல் வழுக்கும் ஒரு வட்டை ஒருவர் மற்றவரை நோக்கித் தள்ளுகிறார். மேசையோடு சேர்ந்து சுற்றும் கேமராவில் வட்டு, யாரோ பக்கவாட்டில் இழுப்பதுபோல் வளைந்து ஓடுகிறது. வெளியே நிற்கும் கேமராவில் அதே வட்டு நேர்க்கோட்டில் போகிறது. இல்லாத ஒரு விசை எப்படிப் பிறக்கிறது என்று கரும்பலகையில் இரண்டு பக்கம் எழுதலாம். இங்கே கேமராவை ஒரு மேசையிலிருந்து கழற்றி இன்னொரு இடத்தில் மாட்டியதோடு முடிந்தது. மொத்தம் அரை மணிக்குச் சற்றுக் குறைவு, துண்டுதுண்டாகப் பார்க்கலாம். சுழலும் மேசைப் பகுதியை ஒரு தடவை மியூட் செய்து பாருங்கள், பாதிக்கு மேல் விளங்கும்.

மியூட் பரீட்சையை மற்ற வீடியோக்களுக்கும் வைக்கலாம். தமிழில் எல்எம்இஎஸ், மிஸ்டர் ஜிகே போன்ற சேனல்கள் அறிவியலைப் பேச்சுத் தமிழில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தன, அது சின்ன காரியமல்ல. ஆனால் பொதுவாக, நம்மிடம் வரும் பாட வீடியோக்களில் பல, படம் ஒட்டிய வானொலிதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எதுவும் குறையாது என்றால் அதை வீடியோவாக எடுத்திருக்கவே வேண்டாம்.

வெட்டாத ஷாட்டுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 1971 ஆகஸ்ட் 2 அன்று, நிலவில், அப்பல்லோ 15-இன் தலைவர் டேவிட் ஸ்காட் தொலைக்காட்சிக் கேமரா முன் வந்து நிற்கிறார். வலது கையில் சுத்தியல், இடது கையில் வல்லூறின் இறகு. அவர் வந்து இறங்கிய கலத்தின் பெயரே 'ஃபால்கன்', வல்லூறுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் விடுகிறார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. ஒரு நிமிடம்கூட வராத துண்டு, படமும் மங்கல்தான். ஆனால் எடிட்டிங் இல்லை, இசை இல்லை. இறகை மட்டும் பாருங்கள். ஆடாமல், புரளாமல், கல்லைப் போல இறங்குகிறது. காற்று இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தத் துண்டைக் கணக்காகவும் ரசிக்கலாம். கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னே போகும், காற்புள்ளியைத் தட்டினால் பின்னே வரும். கை விட்ட ஃப்ரேமிலிருந்து தரையைத் தொட்ட ஃப்ரேம்வரை எண்ணுங்கள். நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் பிரதியாக இருந்தால் நாற்பதுக்குச் சற்று மேல் வரும், அதாவது ஏறக்குறைய 1.4 நொடி. விழுந்த உயரம் சுமார் 1.6 மீட்டர். உயரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1.63. நிலவின் ஈர்ப்பு முடுக்கம், நம் 9.8-இல் ஆறில் ஒரு பங்கு, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிடைத்துவிட்டது. பதினோராம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

இதே சோதனையைப் பிபிசி 2014-இல் 'ஹியூமன் யூனிவர்ஸ்' தொடரில் பிரமாண்டமாக எடுத்தது. ஓஹியோவில் நாசாவின் ராட்சச வெற்றிட அறை, 30 மீட்டர் அகலம், 37 மீட்டர் உயரம். பௌலிங் குண்டும் இறகுகளும். இயற்பியலாளர் பிரையன் காக்ஸின் வர்ணனை, பின்னணியில் உருகும் இசை. இசையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் அதில் ஓர் இடம் விலைமதிப்பற்றது. குண்டும் இறகுகளும் ஜோடியாக இறங்குவதைப் பார்த்ததும் சுற்றி நிற்கும் பொறியாளர்கள் குழந்தைகள் மாதிரிச் சிரிக்கிறார்கள். விடை தெரிந்தவர்கள்தான், தெரிந்தும் சிரிப்பு வருகிறது.

பணமே இல்லாமல் எடுத்த படங்களுக்கு வருவோம். அர்விந்த் குப்தா கான்பூர் ஐஐடியில் படித்தவர், குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். புனேயின் ஐயூகா வானியல் மையத்தில் இருந்தபோது அவர் குழு எடுத்த குட்டிப் படங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் குரல் மாற்றப்பட்டுள்ளன. பெரும்பாலும் இரண்டு கைகளும் ஒரு மேசையும்தான் திரையில்.

அவருடைய மின்மோட்டாரைப் பாருங்கள். ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், வைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பியில் ஒரு சிறு வளையம். கம்பியின் ஒரு முனையில் பூச்சை முழுக்கச் சுரண்டுகிறார். மறு முனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டாமல் விடுகிறார். கண் சிமிட்டினால் தவறிவிடும் இடம், மொத்த மோட்டாரும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டினால், காந்தம் அரைச் சுற்றுக்கு வளையத்தை முன்னே தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் பின்னே தள்ளும்; வளையம் தடுமாறி நின்றுபோகும். பூச்சு இருக்கும் பக்கம் ஊக்கைத் தொடும்போது மின்சாரம் அறுந்துவிடுவதால் பின்னே தள்ளும் விசை அடங்குகிறது. பெற்ற வேகத்திலேயே வளையம் மிச்சத்தைச் சுற்றி வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட படங்களில் 'செய்' என்று சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் 'செய்யாவிட்டால்?' என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.

கடைசியாக, குடும்ப வாட்ஸ்அப்பில் வரும் மோசடிகள். கணினி விசிறிக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்ததும் விசிறி சுழன்று பல்பு எரியும், 'கரண்ட் பில்லே இல்லை' என்று மாமா அனுப்பியிருப்பார். அழிக்காதீர்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து துப்பறியுங்கள். நகராத காந்தம் ஆற்றலை வற்றாமல் கொடுத்துக்கொண்டே இருக்காது, ஆகவே பேட்டரி எங்கோ இருந்தே ஆக வேண்டும். கைகள் திரைக்கு வெளியே போய்த் திரும்புவது எந்த நொடியில்? பல்பின் அடிப்பாகத்தை ஒரு முறையாவது காட்டினார்களா? விசிறியை மேசையிலிருந்து தூக்கினார்களா? சுழலத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு கட் இருக்கிறதா? முற்றுப்புள்ளி விசை இங்கேயும் உதவும். கண்டுபிடித்த ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாமாவுக்கே அனுப்பலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால்.