வீட்டுவரி இல்லாதவரின் நூலகம்

இலங்கையில் பொது நூலகத்தில் அங்கத்தவராகச் சேரும் விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. பெயர், முகவரி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், கடைசியில் பிணையாளரின் கையொப்பம். அந்தப் பிணையாளர் பல இடங்களில் உள்ளூராட்சி சபைக்கு ஆதனவரி செலுத்துபவராக இருக்கவேண்டும். இறக்குவானைக்கோ எட்டியாந்தோட்டைக்கோ மேலே தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் பிள்ளை இந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் இரண்டு இடங்களில் பேனா நின்றுவிடும். லயக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டத்துக் கந்தோர் வழியாக வந்துதான் பழக்கம். வரி கட்டும் வீடு அம்மா அப்பாவுக்கும் இல்லை, பக்கத்துக் காம்பராக்காரருக்கும் இல்லை.

இது ஒரு நூலகரின் கல்நெஞ்சத்தால் வந்த வினை அல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றே முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லிவந்தார்கள். தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபையின் வீதியும் விளக்கும் நூலகமும் தோட்டத்து எல்லையோடு நின்றன. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவவில் இதன் சுமை இரட்டிப்பு. நுவரெலியாவைப் போலத் தமிழர் செறிந்து வாழும் நிலம் அல்ல இது; சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தேயிலைத் தோட்டமும் இறப்பர் தோட்டமும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த 1981ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ட் மாதத்தில், இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களும் கடைவீதிகளும் தாக்கப்பட்டன. வன்னிக்கும் இந்தியாவுக்கும் போன குடும்பங்கள் பல. போகாமல் நின்றவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் இன்றைய பிரதேச சபை நூலகத்தில் ஒரு தமிழ்த் தட்டு இருக்கிறது. இருக்கும் இடத்திலும் அது சிறிய தட்டு.

கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால், தமிழ்நாட்டின் வால்பாறைத் தோட்டங்களில் வேலை செய்பவரும் கம்பனி வீட்டில்தான் இருக்கிறார், அவரும் வீட்டுவரி கட்டுவதில்லை. ஆனால் அங்கே நூலகத்துக்கான பணம் வேறு வழியில் ஓடுகிறது. சுதந்திர இந்தியாவின் முதலாவது பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதன் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வாங்கவேண்டும், அது மாவட்ட அளவில் ஒரு நூலக ஆணைக்குழுவின் கையில் சேரவேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் உயிர். கோவை நகரத்து மாடிவீட்டுக்காரர் கட்டும் வரி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வால்பாறை மலைக்கு ஏற முடியும். இலங்கையில் அந்த ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு சபையும் தன் நூலகத்தைத் தானே பார்க்கவேண்டும். வருமானம் குறைந்த சபையின் நூலகமும் வறியதாகவே இருக்கும். கொழும்பில் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழிகாட்டலாம், பயிற்சி தரலாம். பிரதேச சபை நூலகரின் சம்பளத்தையும் புத்தகத்துக்கான பணத்தையும் அது தீர்மானிக்க முடியாது.

தமிழ்நாட்டைச் சொர்க்கமாகக் காட்ட நான் வரவில்லை. நூலக வரியை வசூலித்துவிட்டு ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் பாக்கி வைக்கும் உள்ளாட்சிகள் அங்கே உண்டு. ஊர்ப்புற நூலகர்கள் நிரந்தரக் காலமுறை ஊதியம் கேட்டு வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். இருந்தும், பணம் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கிறது என்பது சிறிய விஷயம் அல்ல.

சப்ரகமுவவுக்கு வால்பாறையைவிட நெருங்கிய உறவு கேரளத்தின் புனலூர். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் திரும்பிப் போனவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் திறக்கப்பட்டதைப் பலரும் அறிவார்கள். புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976இல் இறப்பர் தோட்ட நிறுவனம் ஒன்றும் அதே நோக்கத்தோடு உருவானது. அதனால் கேகாலையில் பால் வெட்டும் கைக்கும் கேரளத்துக் குளத்துப்புழையில் பால் வெட்டும் கைக்கும் தொழில் ஒன்று, பேச்சு ஒன்று.

கேரளத்து நூலகங்கள் அரசாங்கம் மேலிருந்து கட்டியவை அல்ல. 1945இல் பி. என். பணிக்கர் ஊர் வாசகசாலைகளைச் சங்கமாகச் சேர்த்தார். இன்றும் அவற்றை அங்கத்தவர்களே நடத்துகிறார்கள். பெண் நூலகர்கள் புத்தகப் பையோடு வீடு வீடாக நடந்துபோய் இரவல் கொடுக்கும் திட்டமும் அங்கே உண்டு. வயநாட்டு மொதக்கரையின் பிரதிபா நூலகம் அப்படித்தான் பெயர் பெற்றது. இடுக்கிக் காட்டுக்குள் இடமலைக்குடியில், சின்னத்தம்பி என்ற முதியவர் தன் தேநீர்க் கடையிலேயே 160 புத்தகங்களைச் சாக்குப் பையில் வைத்து நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதினார். தஞ்சைப் பக்கம் இது இன்னும் பழையது: 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசிப்பவர் வரும்வரை காத்திராமல் புத்தகம் புறப்பட்டுப் போகவேண்டும் என்பதுதான் இவர்கள் எல்லோரும் கண்ட வழி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு, டவுன் நூலகம் திறந்திருக்கும் நேரம் ஒருநாளும் கைகூடாது. சப்ரகமுவத் தோட்டங்களுக்கு இந்த வழியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாட்டு நூலகரின் அன்றாடத்திலும் ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. பத்திரிகைக்கு முத்திரை குத்தி மேசையில் போட்டதும் வருகிறவர்கள் பரீட்சைக்காரர்கள். அங்கே அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர். இங்கே புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று கடந்தகால வினாத்தாள் தேடும் பிள்ளைகள். தமிழ் மொழிமூலத்தில் விஞ்ஞானம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு ரியூசன் வகுப்பும் எட்டாத தூரம் என்பதால், அந்த வினாத்தாள் கட்டு உண்மையிலேயே பெறுமதியானது. அதை நூலகத்தின் தரம் தாழ்ந்ததாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

இணையக் கருவிகளில்தான் இந்த ஒப்பீடு நம்பிக்கை தருகிறது. இலங்கை இதில் பின்தங்கிய நாடு அல்ல. நெனசல இணைய மையங்களுக்காக 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து லட்சம் டொலர் விருது இந்த நாட்டுக்குக் கிடைத்தது. நியூசிலாந்தில் பிறந்த கோஹா என்ற இலவச நூலக மென்பொருள் இரண்டு நாடுகளிலும் வேலை செய்கிறது. சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகப் பட்டியல்களை இங்கே பாமினியில் தட்டச்சு செய்தார்கள், தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில்லில் செய்தார்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான்; தேடினால் எதுவும் வராது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இங்கே ஒரு சிறிய நூலகத்தின் பட்டியலை ஒருங்குறிக்கு மாற்ற இலவச மாற்றிகளே போதும். பிறகு கண்ணால் பார்த்துத் திருத்தவேண்டும், அது பொறுமையான வேலை.

அடுத்தது பெயர்கள். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். ஆங்கில நூல் ஒரு எழுத்துக்கூட்டலில் ஒரு தட்டிலும், தமிழ் நூல் வேறு தட்டிலும் இருந்தால், தன் பாட்டன் பாட்டியின் வாழ்க்கையை எழுதிய ஒருவரின் புத்தகங்களே அவை இரண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாமலே போகும். இரண்டு வடிவங்களையும் ஒரே பதிவில் கட்டுவது நூலகர் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை, சிங்களம் மட்டும் வாசிக்கும் நூலகரும் கற்கலாம். கைத்தொலைபேசிக் கமெராவைத் தமிழ் அட்டைமேல் பிடித்துத் தலைப்பை அறிவதற்கு இன்று வசதி இருக்கிறது. இலங்கை நூலகச் சங்கத்தின் பாடநெறி மூன்று மொழிகளிலும் நடக்கிறது.

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தருகிறது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களோடு மலையக இதழ்களும் இருக்கின்றன. ஆனால் எடுப்பது மட்டும் போதாது. தோட்டத்துக் கோவில் திருவிழா மலர், பாடசாலை மலர், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் ஆகியவற்றின் கடைசிப் பிரதி லயத்துத் தகரப் பெட்டியில் கிடக்கும். கூரை ஒழுகும் ஒரு மழைக்காலம் போதும் அவை அழிய. தோட்டத்துக்குப் புத்தகம் கொண்டுபோகும் நூலகர் திரும்பும்போது இவற்றை இரவல் வாங்கி, ஒளிவருடி, இணையத்தில் சேர்த்துவிட்டு மறுமுறை ஒப்படைக்கலாம்.

தமிழ்நாட்டைப் போல இங்கும் மாவட்ட அளவில் நூலக நிதி வேண்டுமென்றால் மாகாண சபை நியதிச்சட்டம் இயற்றவேண்டும். சப்ரகமுவ மாகாண சபையின் பதவிக்காலம் 2017இலேயே முடிந்துவிட்டது, தேர்தல் இன்னும் நடக்கவில்லை. பிரதேச சபைகளுக்கோ 2025 மே மாதத்தில் தேர்தல் நடந்து புதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். ஆதனவரி செலுத்துபவர் என்று படிவத்தில் இருக்கும் இடத்தில், தோட்டப் பாடசாலை அதிபரோ தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையப் பொறுப்பாளரோ பிணை நிற்கலாம் என்று சேர்ப்பதற்கு அவர்கள் கொழும்பைக் கேட்கவேண்டியதில்லை. சபைக் கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவந்து தொடங்கலாம்.